கடைசல்காரன் கைப்பழக்கத்துக்குப் பூட்டா?

அடுப்பங்கரைப் பாத்திரத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது என்றால் நம்புவதற்குச் சிலர் தயங்குவார்கள். ஆனால் எழுதியிருக்கிறது. 1978 டிசம்பரில் எழுதியது. பித்தளைத் தட்டைக் கடைசல் பிடிக்கும்போது அது நழுவாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் வழக்கு. "அந்தப் பிடிமானம் எங்கள் கண்டுபிடிப்பு, எங்களைக் கேட்காமல் வேறு எவரும் அப்படிப் பிடிக்கக் கூடாது" என்றது ஒரு கம்பெனி. "பட்டறையில் நிற்கிறவனுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது, இதில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன?" என்றது இன்னொரு கம்பெனி. 1951 டிசம்பர் தேதியிட்ட ஒரு காகிதத்தைப் பற்றிய இந்தச் சண்டை முடிவதற்கு 1978 டிசம்பர் வரையில் ஆயிற்று.

இரண்டு முதலாளிகள் அடித்துக் கொண்டதில் நமக்கு என்ன வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். வழக்கு போட்டவரும் முதலாளி, எதிர்த்தவரும் முதலாளி. லேத்தின் முன்னால் நின்று பித்தளைத் தூளைச் சுவாசித்தவன் இருவருடைய வக்காலத்திலும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கில் பங்கு போடப்பட்டது அவனுடைய சொத்து. தலைமுறை தலைமுறையாகப் பட்டறையில் பழகிப் பழகிச் சேர்ந்த கைத்திறனை ஒரு முதலாளி தன் பேருக்குப் பட்டா எழுதிக் கொள்ளலாமா, கூடாதா என்பதே அங்கே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே இதை நாம் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

மீர்ஜாப்பூர் பட்டறை

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள ஊர் மீர்ஜாப்பூர். கம்பளத்துக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் பேர் போன ஊர். அங்கே பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் பாத்திரம் செய்து விற்ற கூட்டுக் கம்பெனி ஒன்று, இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர். அதே ஊரில் அதே தொழில் செய்த மற்றொரு கம்பெனி பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம்.

பாத்திரம் உருவாகி வந்ததும் அது பளபளப்பதில்லை என்பது இந்தத் தொழிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலெல்லாம் சொரசொரப்பு. அதை லேத்தில் ஏற்றிச் சுழலவிட்டு, உளி கொடுத்துச் சுரண்டி, மெருகு போட வேண்டும். மரக்கடைசல் பார்த்தவர்கள் இதையும் புரிந்து கொள்ளலாம், வேலை ஒன்றுதான். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், ஆழமில்லாத தட்டை ஏற்றும்போது வருகிறது. சொம்பென்றால் பிடிக்க உடம்பு உண்டு. தட்டுக்கு என்ன உண்டு? பழைய முறையில் சுழலும் தலைப்பக்கத்தில், அதாவது ஹெட் ஸ்டாக்கில், சூட்டில் இளகுகிற பசையை வைத்துத் தட்டை ஒட்டுவார்கள். அல்லது சக்கின் தாடையில் கவ்விப் பிடிக்க வைப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் தாங்கல் கிடையாது. சுற்று வேகமெடுத்து உளியும் பட்டால் தட்டு சில சமயம் பிய்த்துக் கொண்டு பறக்கும். எதிரே நிற்பது யார்? தொழிலாளி. முகத்தில் படலாம், கழுத்தில் படலாம். இந்த ஆபத்து நாம் கற்பனை செய்தது அல்ல. தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து இருந்தது என்று வழக்குப் போட்ட கம்பெனியே கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறது.

இதற்குப் பரிகாரமாகத் தங்கள் பங்காளி ஒருவர் 1951-இல் ஒரு புது ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததாக அக்கம்பெனி சொல்லிற்று. ஏற்பாடு இதுதான்: தட்டை ஹெட் ஸ்டாக்கின் பக்கம் ஓர் ஏந்தியில் பொருத்தி, எதிர்ப்பக்கத்து டெயில் ஸ்டாக்கின் முனையால் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு பக்க அழுத்தத்திலும் தட்டு அசையாமல் நிற்கும். பசை காய்ச்ச வேண்டாம், ஒட்ட வேண்டாம், பறக்குமோ என்ற பயம் வேண்டாம். வேலையும் வேகம்.

"கடைசலுக்காகப் பாத்திரங்களைப் பிடித்து வைக்கும் சாதனம்" என்று இதற்குப் பேர் வைத்து, 1911-ஆம் வருஷத்து இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி பேடண்ட் கேட்டார்கள். 1953 மே மாதம் பேடண்ட் கிடைத்தது. 1951 டிசம்பரிலிருந்தே அது செல்லும் என்றும் ஆயிற்று. முத்திரை போட்ட காகிதம் கைக்கு வருமுன்பே, 1952 செப்டம்பரில், பக்கத்துக் கம்பெனியும் இதே மாதிரி தட்டைப் பிடித்து வேலை வாங்குகிறது என்று இவர்களுக்குத் தெரிய வந்ததாம். உடனே சண்டை. தடை உத்தரவு கொடு, நஷ்ட ஈடு கொடு என்று வழக்கு. எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பேடண்டே செல்லாது, ரத்துச் செய் என்று மனுப் போட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக நமக்கு மனமில்லை. பழைய முறையில் தொழிலாளிக்கு உயிராபத்து, புது முறையில் ஆபத்தில்லை என்று கம்பெனியே சொல்கிறது. நல்லது. அப்படியானால் பேடண்டின் அர்த்தம் என்ன? எங்கள் பட்டறையில் தட்டு பறக்காது. மற்றப் பட்டறைகளில் இன்னும் 16 வருஷம் பறக்கட்டும் என்பதுதானே? லைசென்சுப் பணம் கட்ட மனமில்லாத, அல்லது வழியில்லாத ஒவ்வொரு பட்டறையிலும் தொழிலாளி தன் முகத்தைக் கொடுத்துக் கொண்டு நிற்க வேண்டும். காவலுக்கான ஏற்பாட்டை ஏகபோகமாக்குவதில் உள்ள விபரீதம் இது. கோர்ட்டின் முன்னால் இந்தக் கேள்வி இந்த வடிவத்தில் வரவில்லை. வரவும் முடியாது, ஏனென்றால் கேட்க வேண்டியவன் அங்கே கட்சிக்காரனாக இல்லை.

மூன்று கோர்ட்டு, மூன்று தடவை

அலகாபாத் ஹைகோர்ட்டில் தனி நீதிபதி விசாரித்தார். இதிலே புதுமையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை என்று பேடண்டை ரத்துச் செய்தார். கம்பெனி அப்பீல் செய்தது. அதே ஹைகோர்ட்டின் டிவிஷன் பெஞ்சு அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்துப் பேடண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. பிறகு சுப்ரீம் கோர்ட்டு. அங்கே நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு டிவிஷன் பெஞ்சைக் கவிழ்த்துத் தனி நீதிபதி சொன்னதே சரி என்று முடித்தது.

சுப்ரீம் கோர்ட்டு காட்டிய காரணம் நம் பட்டறைத் தோழர்களுக்கு வக்கீல் இல்லாமலே விளங்கும். ஹெட் ஸ்டாக்கும் டெயில் ஸ்டாக்கும் உள்ள லேத்து உலகத்துக்குப் புதிதல்ல. ஒரு பொருளை இரண்டுக்கும் நடுவில் நிறுத்திக் கடைவதும் புதிதல்ல. இந்தக் கம்பெனி செய்ததெல்லாம் பல பத்து வருஷமாகத் தெரிந்த ஒரு பழைய ஏற்பாட்டைப் பாத்திரத் தொழிலுக்குக் கொஞ்சம் மாற்றிப் பொருத்தியதே. இது வெறும் பட்டறைச் சீர்திருத்தம். ஒரு சாதாரணக் கைவினைஞனின் திறமைக்கு அப்பாற்பட்ட எதுவும் இதில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கைவினைஞனின் திறமைக்கு அப்பாற்பட்டதா? இதுவே அளவுகோல். நாம் இந்த வார்த்தையை இரண்டு தடவை படிக்க வேண்டும். தொழில் தெரிந்த ஒரு கைவினைஞனை நிறுத்தி, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயங்களை மட்டும் அவன் கையில் கொடுத்து, இந்தச் சிக்கலை அவன் முன் வைத்தால் அவனாகவே இந்த வழிக்கு வந்து சேருவானா? சேருவான் என்றால் அது கண்டுபிடிப்பு அல்ல. அவனுடைய அன்றாட வேலை. அன்றாட வேலைக்கு எவனும் ஏகபோகம் கொண்டாட முடியாது.

தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. பேடண்டு ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்து விட்டதாலேயே பேடண்டு செல்லும் என்று அர்த்தமில்லை. சம்பந்தப்பட்டவர் கோர்ட்டுக்குப் போய் அதைக் கேள்வி கேட்கலாம். 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது என்று கோர்ட்டு எடுத்துக் காட்டிற்று. சர்க்கார் முத்திரை என்றாலே கையெடுத்துக் கும்பிடும் வழக்கம் நம் மக்களிடம் இருக்கிறது. முதலாளி ஒரு காகிதத்தைக் காட்டி, "பார், சர்க்கார் கொடுத்திருக்கிறது" என்றால் வாயடைத்துப் போகிறோம். அந்தக் காகிதம் கடைசி வார்த்தை அல்ல என்பது சட்டமே சொல்லும் சேதி.

இந்தத் தீர்ப்பு பாத்திரத்தோடு நின்று போகவில்லை. பேடண்டு வழக்கென்றால் வக்கீல்கள் இன்றைக்கும் இதைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். 2015-இல் டில்லி ஹைகோர்ட்டில் ரோஷ் என்ற ஸ்விஸ் கம்பெனிக்கும் சிப்லாவுக்கும் புற்றுநோய் மருந்து சம்பந்தமாக நடந்த வழக்கிலும் மீர்ஜாப்பூர்த் தட்டு வந்து நின்றது. கோடிக்கணக்கில் பணம் புரளும் வழக்கில், நிபுணர்களின் ரசாயனச் சூத்திரங்களுக்கு நடுவில், பெயர் தெரியாத கடைசல்காரன் இப்படித்தான் நிற்கிறான். அளவுகோலாக நிற்கிறான். கூலி மட்டும் அவனுக்கு இல்லை.

இருபத்தேழு வருஷம்

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் எப்போது வந்தது? 1911-ஆம் வருஷத்துச் சட்டப்படி பேடண்டின் ஆயுள் 16 வருஷம். விசேஷ நீட்டிப்பு கிடைத்தாலொழிய, 1951 டிசம்பரில் பிறந்தது 1967 டிசம்பரோடு செத்திருக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாது என்று சொன்னது 1978-இல். சாகும் காலம் தாண்டிப் பதினோரு வருஷம் கழித்து, இது பிறந்ததே தப்பு என்று சொன்னதாக ஆகிறது!

எதிர்த்து நின்றது ஒரு கம்பெனி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, அலகாபாத்துக்கும் டில்லிக்கும் நடக்கக் கால் இருந்தது. ஒரே ஒரு லேத்தை வீட்டுத் திண்ணையில் போட்டுக் கொண்டு மனைவியும் மகனும் துணைக்கு நிற்க வேலை செய்யும் சிறு பட்டறைக்காரனுக்கு இப்படி ஒரு நோட்டீசு வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? லேத்தை நிறுத்தியிருப்பான். அல்லது கேட்ட பணத்தைக் கட்டியிருப்பான். செல்லாத பேடண்டும் செல்கிற பேடண்டைப் போலவே பயமுறுத்தும். அதன் பலமே வழக்கு முடிவதற்கு ஆகும் காலத்தில் இருக்கிறது. தாமதத்தால் லாபம் எவனுக்கு என்று பார்த்தால், காகிதத்தை வைத்திருப்பவனுக்குத்தான்.

அன்னியன் போட்ட சட்டம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பேடண்டுச் சட்டம் நம் மக்கள் கேட்டு வந்ததல்ல. முதற்சட்டம் 1856-இல், கம்பெனி ஆட்சியில் வந்தது. மீர்ஜாப்பூர் வழக்கு நடந்த 1911-ஆம் வருஷத்துச் சட்டமும் பிரிட்டிஷார் தங்கள் நாட்டுக் கம்பெனிகளின் சௌகரியத்துக்கு எழுதியதே. சுதந்திரம் வந்த பிறகு 1948-இல் டேக் சந்த் கமிட்டி போட்டார்கள். பிறகு 1957-இல் நீதிபதி ராஜகோபால ஐயங்காரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி அவர், பின்னால் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். 1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கையைப் படித்தவர்கள் அதை மறக்க முடியாது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட பேடண்டுகளில் பத்துக்கு எட்டு ஒன்பது அன்னியர் கையில் இருந்தன. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இந்த நாட்டில் தொழிலாகவே நடத்தப்படவில்லை. அதாவது, தானும் செய்ய மாட்டான், இங்கே இருப்பவனையும் செய்ய விட மாட்டான். வைக்கோல் போரில் படுத்த நாய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அவர் ஒரு புரட்சிக்காரர் அல்ல. பேடண்டே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாட்டின் நிலைமைக்குத் தக்கபடி பேடண்டு இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்கே பெரிய எதிர்ப்பு. அறிக்கை சட்டமாக வருவதற்குப் பதினொரு வருஷம் பிடித்தது. 1970-ஆம் வருஷத்துச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருள் மீது பேடண்டு கிடையாது, செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் அதிகம் போனால் ஏழு வருஷம் என்றது அந்தச் சட்டம். மற்றவற்றுக்கு 14 வருஷம். உலகத்திலேயே மலிவான மருந்து செய்யும் நாடுகளில் ஒன்றாக இந்தியா வந்தது இதற்குப் பிறகுதான் என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம்.

பிறகு 1995-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் வந்தது. அதன் ஒப்பந்தத்துக்கு இணங்கி 2002-இல் பேடண்டின் ஆயுள் எல்லாவற்றுக்கும் 20 வருஷமாக்கப்பட்டது. 2005 ஜனவரி முதல் மருந்துக்கும் உணவுக்கும் பொருள் பேடண்டு திரும்பி வந்தது. கதவு முழுக்கத் திறக்கவில்லை, உண்மைதான். பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிது என்று காட்டுவதைத் தடுக்கும் 3-ஆம் பிரிவின் ஒரு விதி உள்ளே நுழைக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் நோவார்ட்டிஸ் கம்பெனி தோற்றது அந்த விதியின் பேரில். ஆயினும் கண்டுபிடிப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் "பொருளாதார முக்கியத்துவம்" என்று ஒரு சொல்லையும் புகுத்தி விட்டார்கள். தொழில் தெரிந்தவனுக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது என்பது ஆறுதல். இல்லையென்றால் மீர்ஜாப்பூர்த் தட்டுப் பிடிக்கும் இன்றைக்குப் பேடண்டு வாங்கியிருக்கும். வேலை வேகமாகிறது, லாபம் கூடுகிறது, இதைவிட என்ன பொருளாதார முக்கியத்துவம் வேண்டும்?

மஞ்சளுக்கு நேர்ந்தது

புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பத்துப் போடுவது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். களையெடுக்கும்போது அரிவாள் பட்ட விரலுக்கு எந்தத் தாய் மஞ்சளைத் தேடவில்லை? இதற்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவில் பேடண்டு கொடுத்தார்கள். புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது மிஸிஸிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் சொத்து என்று ஆகிவிட்டது. நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1996-இல் எதிர்த்தது. 1997 ஆகஸ்டில் அந்தப் பேடண்டு ரத்தாயிற்று.

ஜெயித்தோம் என்று நாம் கொண்டாடினோம். ஆனால் எப்படி ஜெயித்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் நடக்கும் வழக்கம் அங்கே சாட்சியமாகவில்லை. வேறு நாட்டில் மக்கள் வழக்கமாகச் செய்து வருவது அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்குப் போதாது; அச்சில் வந்திருந்தால்தான் கணக்கு. ஆகவே சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களைத் தேடி எடுத்தார்கள். 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டினார்கள். எழுத்து இருந்ததால் மஞ்சள் பிழைத்தது. எழுதப்படாத மருந்தும் எழுதப்படாத கைத்திறனும் எத்தனை உண்டு நம்மிடம்! அவை யாவும் பொதுச் சொத்தா, எடுத்தவன் சொத்தா?

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் மேலானது என்று சொல்ல வேண்டும். இந்தியாவில் ஜனங்களுக்குப் பகிரங்கமாகத் தெரிந்திருந்தாலோ, பகிரங்கமாக வழக்கத்தில் இருந்தாலோ பேடண்டு செல்லாது. அச்சு வேண்டியதில்லை. ஓர் ஊர் மக்களிடையே வாய்மொழியாக இருந்து வரும் அறிவையும் காட்டிப் பேடண்டை எதிர்க்கலாம் என்று 25-ஆம் பிரிவும் 64-ஆம் பிரிவும் சொல்கின்றன. அதாவது மீர்ஜாப்பூர்க் கடைசல்காரன் வந்து "நான் இப்படித்தான் பிடிக்கிறேன், என் தகப்பனும் இப்படித்தான் பிடித்தான்" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்புண்டு. சொல்ல அவனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கிறவன் யார்?

கண்டுபிடிப்பாளனுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நாம் வாதாடுகிறோம் என்று சிலர் திரிக்கக் கூடும். அது நம் அபிப்பிராயமல்ல. உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டவனுக்குச் சன்மானம் வேண்டும். பேடண்டின் பேரமே அதுதான்: ரகசியத்தை ஊரறியச் சொல், குறிப்பிட்ட காலம் உன் உரிமையாக வைத்துக் கொள், பிறகு அது எல்லாருக்கும் சொந்தம். ஊருக்கு முன்பே தெரிந்ததைச் சொல்பவன் என்ன விலை கொடுத்தான், அவனுக்கு எதற்காக உரிமை என்பதே மீர்ஜாப்பூர் வழக்கு.

ஆனால் கண்டவனுக்குச் சன்மானம் போய்ச் சேருகிறதா? மில்லிலே பாருங்கள். ரிங் பிரேமில் நூல் அறுந்து கொண்டே இருந்தால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பவர் அங்கே எட்டு மணி நேரம் நடக்கும் பெண் தொழிலாளி. ஒரு பாகம் அடிக்கடி தேய்ந்து போனால் அதற்கு ஒரு வாஷரோ ஒரு தகடோ வைத்துச் சரிக்கட்டுகிறவன் பிட்டர். அவர்கள் செய்வதில் பெரும்பாலும் பட்டறைச் சீர்திருத்தம், பேடண்டுக்கு உரியதல்ல, அது எல்லாருக்கும் பரவட்டும். ஆனால் நூற்றில் ஒன்று உண்மையான கண்டுபிடிப்பாக இருக்கும். அந்த ஒன்று யார் பேரில் பதிவாகிறது?

சட்டப்படி பேடண்டு கேட்க வேண்டியவன் உண்மையாக முதலில் கண்டுபிடித்தவன், அல்லது அவனிடமிருந்து உரிமையை எழுதி வாங்கியவன். இந்த "எழுதி வாங்கியவன்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வேலையில் சேரும்போது கொடுக்கும் உத்தரவில், இங்கிலீஷில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வேலைக் காலத்தில் நீ கண்டுபிடிப்பதெல்லாம் கம்பெனிக்குச் சேரும் என்று. கையெழுத்துப் போட்டவன் அதைப் படித்தானா? ஜெர்மனியில் 1957-இலேயே தொழிலாளி கண்டுபிடிப்புக்கு என்று தனிச் சட்டம் போட்டார்கள். முதலாளி எடுத்துக் கொண்டால் தொழிலாளிக்குத் தக்க பணம் கொடுக்க வேண்டும். நம் 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 1999-இலும் 2002-இலும் 2005-இலும் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனிகள் கேட்டதை எழுதினார்கள். இதை எழுதவில்லை.

28-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. கண்டுபிடித்தவனின் பெயரைப் பேடண்டில் குறிப்பிட வேண்டும் என்று அவன் கேட்கலாம். பெயர் மட்டுந்தான், பணம் அல்ல. அதையாவது நம் தோழர்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். சங்கங்கள் சம்பள ஒப்பந்தம் பேசும்போது பஞ்சப்படி, போனஸ், லீவு என்று வரிசை போடுகிறோம். அந்த வரிசையில் இதையும் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது: தொழிலாளியின் கண்டுபிடிப்புக்கு அவன் பெயரும், வருகிற வருமானத்தில் பங்கும். நியமன உத்தரவில் உள்ள அந்தப் பொடி எழுத்து வரியைத் தமிழில் எழுதிக் காட்டு என்று கேட்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

எதிர்ப்பதற்கும் கட்டணமா?

பேடண்டு கொடுப்பதற்கு முன்பே அதை எதிர்த்து மனுப் போட எவருக்கும் உரிமை உண்டு. கம்பெனிதான் போட வேண்டும் என்பதில்லை. விவசாயத் தொழிலாளி போடலாம், சங்கம் போடலாம். நோயாளிகள் சங்கங்கள் இந்த வழியில் மருந்துப் பேடண்டுகளை எதிர்த்திருக்கின்றன. வருஷக்கணக்கில் கோர்ட்டு ஏறி இறங்குவதைவிட, முளையிலேயே கிள்ளுவது எவ்வளவு சுலபம்! இந்த மனுவுக்குக் கட்டணமே இல்லாமல் இருந்தது. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்திக் கட்டணம் வைத்து விட்டார்கள். மனுவை ஏற்கலாமா என்று அதிகாரி முதலில் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றும் ஆக்கி விட்டார்கள். பொய் மனுக்கள் அதிகமாகி விட்டன என்பது சர்க்கார் தரப்பில் சொல்லும் சமாதானம். பொய்ப் பேடண்டு கேட்டு வருகிறவர்களைப் பற்றி இந்த அக்கறை காணோம்.

அதோடு பாஷை. பேடண்டு ஆபீஸின் ஒரு கிளை சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் காகிதம் இங்கிலீஷிலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. வாய்மொழி அறிவுக்கும் மதிப்புண்டு என்று பார்லிமெண்டு சட்டம் எழுதுகிறது. அந்த வாய் பேசும் பாஷையில் மனு வாங்க மாட்டோம் என்று விதி எழுதுகிறார்கள்! கடைசல் பட்டறையிலும் வயற்காட்டிலும் உள்ள அறிவு தமிழில் இருக்கிறது.

முன்னெதிர்ப்பு மனுவுக்கு வைத்த கட்டணத்தை ரத்துச் செய்ய வேண்டும். மனுவைத் தமிழிலும் மற்ற ராஜ்ய பாஷைகளிலும் ஏற்க வேண்டும். தொழிலாளியின் ஆயுளையும் அங்கத்தையும் காக்கும் சாதனங்களைப் பொறுத்தவரை, பேடண்டு இருந்தாலும் நியாயமான சிறு தொகைக்கு எல்லாப் பட்டறைக்கும் லைசென்சு தானாகவே கிடைக்கச் சட்டத்தில் வழி செய்ய வேண்டும். தொழிலாளி கண்டுபிடிப்புக்குத் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். இந்த நான்கையும் மில் வாயிற் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் தீர்மானமாக நிறைவேற்றித் தங்கள் தொகுதிப் பார்லிமெண்டு மெம்பருக்கு அனுப்பும்படி தோழர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.